மளிகைக்கடை அலமாரியில் நல்ல ஒயின்: மலிவு வரிசையில் தேடி எடுத்த அனுபவம்

சோப்பும் பாலும் ரொட்டியும் வாங்குகிற சாதாரண மளிகைக்கடை. அங்கே இருக்கும் ஒயின் அலமாரியின் மலிவுப் பகுதியிலிருந்து மட்டும் எடுத்து, மாலையில் ஆற அமர உட்கார்ந்து ரசித்துக் குடிக்கும்படியான ஒயின்களைக் கண்டுபிடிக்க முடியுமா? இதைத்தான் வேலையாக எடுத்துக்கொண்டேன். தனி ஒயின் கடைக்குப் போவதில்லை, கைபேசியில் மதிப்பெண் பார்ப்பதில்லை, யாரிடமும் சிபாரிசு கேட்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். பாட்டிலில் என்ன அச்சாகி இருக்கிறதோ அதைப் படிக்க வேண்டும், வீட்டில் குடித்துப் பார்க்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். முடியும் என்பதுதான் விடை. அதுவும் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே முடியும்.

மலிவு என்றால் எது என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டேன். கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த பாட்டில் அல்ல, அதற்கு ஒரு படி மேலே உள்ளது. காரணம் எளிய கணக்கு. கண்ணாடி, மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, வண்டி வாடகை, அளவை வைத்துப் போடுகிற வரி எல்லாமே எந்த ஒயினுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அடிமட்ட விலையில் இந்தச் செலவெல்லாம் போக, உள்ளே இருக்கும் ஒயினுக்கு மிஞ்சுவது சொற்பம். ஒரு படி மேலே போனால் நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு திராட்சைக்குப் போகிறது. இன்னும் மேலே போகப் போக ஊரின் பெயருக்கும் புகழுக்கும்தான் பணம் போகத் தொடங்கும். ஆகவே கீழிருந்து இரண்டாவது படிதான் என் களம்.

முன்பக்கத்தில் எதை விட்டுவிடலாம்

கண் மட்டத்து வரிசையில் இருப்பவை பெரும்பாலும் நிறைய விற்கிற, விளம்பரம் நிறைய செய்கிற பெயர்கள். குனிந்து பார்க்கும் கீழ்த்தட்டிலும், கையை உயர்த்தி எடுக்கும் மேல்தட்டிலும்தான் எனக்கு அதிகம் கிடைத்தது.

பாட்டிலின் எடையும் அடியில் இருக்கும் குழியும் ஒயினைப் பற்றி எதுவுமே சொல்லாது. கனமான பாட்டில் விலை உயர்ந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான். அந்தக் கண்ணாடிக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்.

'ரிசர்வ்' என்ற சொல்லை நாடு பார்த்துத்தான் நம்ப வேண்டும். ஸ்பெயினின் ரியோஹாவில் அது சட்டம். சிவப்பு ஒயினில் 'கிரியான்ஸா' என்றால் 2 வருடப் பக்குவம், அதில் குறைந்தது 1 வருடம் ஓக் பீப்பாயில். 'ரெசர்வா' என்றால் 3 வருடம், 'கிரான் ரெசர்வா' என்றால் 5 வருடம். அமெரிக்க ஒயினில் அதே 'ரிசர்வ்' என்பதற்கு மத்திய சட்டத்தில் வரையறையே கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். 'பழங்கொடித் திராட்சை' என்று போடுவதற்கும் பெரும்பாலான இடங்களில் வயது வரம்பு இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்த பிறகு ரியோஹா கிரியான்ஸா என் பட்டியலில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. ஒரு வருடம் பீப்பாயில் கிடந்து, மீதி நாட்களும் பாதாள அறையில் கழிந்து வரும் ஒயின் இந்த விலைக்குக் கிடைப்பது அபூர்வம். காத்திருக்கும் செலவை ஒயின் ஆலையே ஏற்றுக்கொண்டு, குடிக்கத் தயாராக நம் கையில் கொடுக்கிறது.

தங்கப் பதக்கம் ஒட்டிய பாட்டில்களை ஒதுக்கவில்லை, ஆனால் பதக்கத்துக்காக எடுப்பதும் இல்லை. ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற கலிபோர்னியா ஒயின் தயாரிப்பாளர், மாநில ஒயின் போட்டி நடுவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை வைத்தார். மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே பதக்கத் தரத்தைக் கொடுத்தவர்கள் சுமார் 10 சதவீதம் பேர்தான். தேர்ந்த நாக்குகளே இப்படித் தடுமாறும் என்றால், நானும் என் வீட்டுச் சோதனையை அதற்கேற்ப அமைக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அலமாரியில் தொங்கும், ஒயின் விமர்சகர் கொடுத்த '90 புள்ளி' அட்டையில் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: அட்டையில் உள்ள அறுவடை வருடமும் பாட்டிலில் உள்ள வருடமும் ஒன்றுதானா? பல நேரம் இருக்காது.

பின்பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பது

என் தேர்வில் முக்கால்வாசி இங்கேதான் நடக்கிறது.

முதலில் இடம். எவ்வளவு சிறிய இடத்தின் பெயர் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நாட்டின் பெயர் மட்டும் இருந்தால் எந்த மூலையிலிருந்தும் திராட்சை வந்திருக்கலாம். மாவட்டம், பள்ளத்தாக்கு, கிராமம் என்று குறுகக் குறுக, அந்த ஒயினுக்கு ஒரு முகம் வரத் தொடங்குகிறது.

அடுத்து, யார் பாட்டிலில் அடைத்தார்கள். பிரெஞ்சு லேபிளில் 'மீஸ் ஆன் பூத்தேய் ஓ ஷாத்தோ' அல்லது 'ஓ தொமேன்' என்று முடிந்தால் தோட்டக்காரரே தன் இடத்தில் அடைத்தது. இத்தாலியில் 'இம்பொத்திலியாத்தோ ஆல்லொரிஜினே' என்றிருக்கும். அமெரிக்க லேபிளில் 'ப்ரொட்யூஸ்ட் அண்ட் பாட்டில்ட் பை' என்றால் அந்த நிறுவனமே குறைந்தது 75 சதவீதத்தைப் புளிக்க வைத்திருக்க வேண்டும். 'வின்டட்' அல்லது 'செல்லர்ட்' என்றிருந்தால் வேறு எங்கோ செய்ததை வாங்கி அடைத்திருக்கலாம். வாங்கி அடைத்தாலே மட்டம் என்று அர்த்தம் இல்லை. இன்று நிறைய ஒயின் 24,000 லிட்டர் பிடிக்கும் பெரிய பைகளில் கப்பலேறி, விற்கும் நாட்டில்தான் பாட்டிலுக்குள் போகிறது. இளமையாகக் குடிக்க வேண்டிய வெள்ளை ஒயினுக்கு அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. இரண்டு பாட்டில்களுக்கு நடுவே கை தயங்கும்போது மட்டும் தோட்டத்திலேயே அடைத்ததை எடுப்பேன்.

மூன்றாவது, ஆல்கஹால் அளவு. இந்தச் சிறிய எண்ணுக்கு நான் கொடுக்கும் மரியாதை அதிகம். திராட்சையின் சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது. ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்த ஒரு ஜெர்மன் வெள்ளை ஒயினில் 8 அல்லது 9 சதவீதம் என்று இருந்தால் சர்க்கரை முழுதும் மாறாமல் நின்றிருக்கிறது, இனிப்பாக இருக்கும். அதே ரீஸ்லிங் 12 சதவீதமும் 'ட்ரோக்கன்' என்ற சொல்லும் தாங்கி வந்தால் இனிப்பு இல்லாதது. சிவப்பில் 12.5-க்கும் 15-க்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. முன்னது லேசாக, புளிப்போடு ஓடும். பின்னது கனத்து, தொண்டையில் சூடேற்றும். எண்ணைப் பார்த்தே அன்றைய மாலைக்கு எது என்று பிரித்துவிடலாம். எண்ணில் சிறிது முன்பின் இருக்கும் என்பது உண்மை. அமெரிக்கச் சட்டத்தில் 14 சதவீதம் வரையிலான ஒயினுக்கு 1.5 வரை விலகல் அனுமதி உண்டு. ஆனாலும் வழிகாட்டப் போதும்.

நான்காவது, எனக்கு மிகவும் கைகொடுத்த புதிய விஷயம். 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான ஒயினை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க வேண்டுமானால், சேர்மானமும் ஊட்டச்சத்து விவரமும் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் அது ஒரு கியூஆர் கோடாகப் பின் லேபிளில் இருக்கும். கைபேசியைக் காட்டினால் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று வருகிறது. அதைப் பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு. பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு சிவப்பு ஒயின்களை இப்படிப் பார்த்தேன். இரண்டின் முன் லேபிளிலும் 'மென்மையானது' என்றே இருந்தது. ஒன்றில் 100 மில்லிக்கு 0.2 கிராம், மற்றொன்றில் 1.1 கிராம். அதாவது லிட்டருக்கு 2 கிராம், 11 கிராம். ஐரோப்பியக் கணக்கில் லிட்டருக்கு 4 கிராம் வரை 'உலர்' ஒயின் (புளிப்பு அதிகமாக இருந்தால் 9 வரை போகலாம்). இரண்டாவது பாட்டிலின் மென்மை சர்க்கரையில் செய்தது. மலிவு வரிசையில் நிறைய சிவப்பு ஒயின்களில் துவர்ப்பை மறைக்க இந்த இனிப்பைத்தான் விட்டு வைக்கிறார்கள். முதல் வாய்க்கு நன்றாகவே இருக்கும், இரண்டாவது கிளாஸில் திகட்டிவிடும். இனிப்புப் பிடித்தவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

திராட்சை ரகத்தின் பெயரைப் பற்றியும் ஒன்று. ஒரே ஒரு ரகத்தின் பெயர் போட்டிருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ரகம் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், அமெரிக்காவில் பொதுவாக 75. மீதி வேறு ரகம். இதில் குறை ஒன்றும் இல்லை. நல்ல கலவை தனி ரகத்தைவிடப் பல நேரம் முழுமையாக இருக்கும்.

பாட்டிலின் உடல்நிலை

நல்ல ஒயினும் கடையில் கெட்டுப்போகும். மளிகைக்கடைகள் பிரகாசமாக இருக்க வேண்டும் என்று கட்டப்பட்டவை, ஒயினுக்கு இருட்டு வேண்டும். நிறமில்லாத கண்ணாடிப் பாட்டில்தான் முதல் பலி. ஒளியின் நீலப் பகுதியும் புற ஊதாவும் பட்டால், ஒயினில் இருக்கும் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின், கந்தகம் கொண்ட அமினோ அமிலத்தைச் சிதைத்து, வெந்த முட்டைக்கோஸ் போன்ற நாற்றத்தை உண்டாக்கும். கடும் வெளிச்சத்தில் சில மணி நேரமே இதற்குப் போதும். ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினை நிறம் காட்டுவதற்காகத் தெளிந்த கண்ணாடியில்தான் அடைக்கிறார்கள். அதனால் ரோஸேயை வரிசையின் முன்னாலிருந்து எடுக்கவே மாட்டேன். கையை உள்ளே விட்டு, மற்றவற்றின் நிழலில் நின்ற பாட்டிலை இழுப்பேன். அட்டைப்பெட்டியில் பாதி மூடிக் கிடந்தால் இன்னும் நல்லது.

கார்க் விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ அந்தப் பாட்டில் எங்கோ வெயிலில் வெந்திருக்கிறது. அடுப்புச் சாமான்களுக்கு அருகே, ஜன்னலோரம், குளிர்பெட்டியின் மோட்டார் சூடு வீசும் பக்கம் இருப்பவற்றையும் தொடுவதில்லை.

திருகு மூடியைப் பார்த்தால் மகிழ்ச்சிதான். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் சேர்ந்து 2000-ஆம் ஆண்டு அறுவடையில் கார்க்கை விட்டுத் திருகு மூடிக்கு மாறினார்கள், நியூசிலாந்தும் பின்தொடர்ந்தது. கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற பொருள் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், ஈர அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும், பழ மணம் செத்துவிடும். மூடியில் கார்க் இல்லாதபோது இந்த வழி அடைபடுகிறது. கார்க்கால் அப்படிக் கெட்ட பாட்டில் அமைந்தால் மீதியோடு கடைக்கே கொண்டுபோய் மாற்றிக் கேட்பதில் தவறே இல்லை.

வருடம் பார்ப்பது மலிவு ஒயினுக்கு மிக முக்கியம், ஆனால் பழையதைத் தேடுவதற்காக அல்ல. இந்த விலையில் வெள்ளையும் ரோஸேயும் எவ்வளவு புதிதோ அவ்வளவு உயிர்ப்பு. தென் பாதி உலகத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடை, வட பாதியில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. ஆகவே ஒரே வருடம் அச்சிட்ட சிலி வெள்ளையும் பிரெஞ்சு வெள்ளையும் அரை வருட வயது வித்தியாசம் உள்ளவை. தள்ளுபடி வண்டியில் கிடக்கும் நான்கைந்து வருடப் பழைய சோவின்யோன் ப்ளாங்க் வெள்ளை எவ்வளவு மலிந்தாலும் வேண்டாம். அதே தள்ளுபடியில் ரியோஹாவோ, தென் ரோன் பள்ளத்தாக்கின் சிவப்போ இருந்தால் உடனே எடுக்கலாம்.

எந்தப் பெயர்கள் கைவிடவில்லை

புகழ் விலையை ஏற்றும். அதே தரத்தில் புகழ் குறைந்த பக்கத்து ஊரைத் தேடுவதே என் வழி. நோட்டைப் புரட்டினால் திரும்பத் திரும்ப வருபவை இவை.

போர்ச்சுகல்தான் முதல் இடம். தோரு பள்ளத்தாக்கு போர்ட் என்ற இனிப்பு ஒயினுக்குப் பெயர் பெற்றது, அதே சரிவுகளின் அதே ரகங்களில் செய்யும் சாதாரணச் சிவப்பு ஒயின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. பெயர்கள் வாயில் நுழையாது (தொரிகா நாசியோனால், திந்தா ரொரிஸ்), அதனாலேயே பலர் எடுப்பதில்லை என்று நினைக்கிறேன். தௌன் பகுதிச் சிவப்பில் துவர்ப்பு மென்மையாகவும் புளிப்பு நிமிர்ந்தும் இருக்கும். வெயில் காலத்துக்கு வீன்யோ வெர்த். ஆல்கஹால் குறைவு, நாக்கில் மெல்லிய குமிழ்.

ஸ்பெயினில் ரியோஹாவைத் தவிர கம்போ தே போர்ஹா, கலதாயூத் இரண்டும். கர்னாச்சா திராட்சை. பிரான்ஸில் கிரெனாஷ் என்று பெயர் மாறி இதே ரகம்தான் ரோன் பள்ளத்தாக்கின் கோத் து ரோன் சிவப்புக்கும் முதுகெலும்பு. ஹுமீயா பகுதியின் மொனாஸ்த்ரெல் ரகம் இன்னும் கறுத்து, அடர்ந்து இருக்கும்.

பிரான்ஸில் போர்தோ, பர்கண்டி என்ற பெயர்களை இந்த விலையில் துரத்துவதில் பயன் இல்லை. தெற்கே கோர்பியேர், மினெர்வுவா, கோஸ்தியேர் த நீம். வெள்ளைக்கு மஸ்காதே. அதில் 'ஸ்யுர் லி' என்ற இரண்டு சொற்களைத் தேடுகிறேன். புளித்து முடிந்த ஈஸ்ட் வண்டலின் மேலேயே குளிர்காலம் முழுவதும் ஒயினை விட்டு வைத்ததற்கு அடையாளம் அது. ரொட்டி மாவின் மெல்லிய வாசனையும் ஒரு வழவழப்பும் அதனால்தான் வருகின்றன. பொழோலே-வில்லாழ், பெரிய ஊர்ப் பெயர்களுக்கு நடுவே இன்னும் மலிவாக நிற்கும் சிவப்பு; குளிர வைத்துக் குடிக்கலாம்.

இத்தாலியில் மொந்தெபுல்சியானோ தாப்ருத்ஸோ, சிசிலியின் நேரோ தாவோலா, வெள்ளையில் வெர்திக்கியோ. மொந்தெபுல்சியானோ என்ற பெயரில் ஒரு திராட்சையும் இருக்கிறது, டஸ்கனியில் ஓர் ஊரும் இருக்கிறது. ஊரின் பெயரில் வரும் 'வினோ நோபிலே' வேறு ரகத் திராட்சை, வேறு விலை.

தென்னாப்பிரிக்காவின் ஷெனின் ப்ளாங்க் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்த நாட்டில் மிக அதிகம் பயிரிடப்படும் ரகம் அது. முன்பு பெரும்பகுதி பிராந்திக்குப் போனது, ஆகவே வயதான கொடிகள் நிறைய நிற்கின்றன. நான் குடித்த மலிவு வெள்ளைகளில் ஆப்பிள், தேன், எலுமிச்சை மூன்றும் சேர்ந்து மணத்து, கடைசியில் வாயைத் துடைத்துவிட்டது போல் முடிந்தது இதுதான். எந்தப் பெயரும் நினைவில் நிற்காவிட்டால் இதை ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

சிலியின் கார்மெனேர் கதை எனக்குப் பிடித்தது. பல்லாண்டுகளாக மெர்லோ என்ற வேறு திராட்சை ரகம் என்றே நினைத்து அதை வளர்த்தார்கள். 1994-ல் ஜான்-மிஷெல் பூர்சிகோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் தோட்டத்தில் கொடியைப் பார்த்து, இது மெர்லோ அல்ல, போர்தோவிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோன கார்மெனேர் என்று சொன்னார். நன்றாகப் பழுத்தது கறுத்த பழமும் கோகோவும். பழுக்காதது பச்சைக் குடமிளகாய் வாசனை. மலிவு வரிசையில் இரண்டும் வரும், ஆகவே இதில் மட்டும் பாட்டிலுக்குப் பாட்டில் கவனம் வேண்டும்.

தாள் சுற்றிய பாட்டில்கள்

விலை தெரிந்து குடித்தால் நாக்கு விலையைத்தான் குடிக்கும். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் நடந்து 2008-ல் வெளியான ஒரு சோதனையில், ஒரே ஒயினைக் குறைந்த விலை சொல்லியும் உயர்ந்த விலை சொல்லியும் கொடுத்தார்கள். உயர்ந்த விலை சொன்னபோது அதிகம் பிடித்ததாகச் சொன்னது மட்டுமல்ல, ஸ்கேனில் இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கமும் கூடியது. ஆகவே மறைத்துத்தான் குடிக்க வேண்டும்.

என் ஏற்பாடு இது. ஒரே வகையில் மூன்று பாட்டில் வாங்குவேன், உதாரணமாக மூன்றும் கர்னாச்சா. தாள் பை சுற்றி, கழுத்தில் டேப் ஒட்டி, எண் போடுவது மனைவியின் பொறுப்பு. கிளாஸ் நான்கு. நான்காவதில் அந்த மூன்றில் ஒன்றே மறுபடி வரும், எது என்று எனக்குத் தெரியாது. ஹாட்ஜ்சனின் ஆய்விலிருந்து எடுத்துக்கொண்ட பொறி அது. இரட்டையாக வந்த ஒயினுக்கு நான் வெவ்வேறு மதிப்பு கொடுத்திருந்தால் அன்றைய குறிப்பு முழுவதையும் அடித்துவிட்டு மறுநாள் திரும்பச் செய்வேன்.

ஒரு முறை நான் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, அவளும் நான்கையும் முகர்ந்துவிட்டு, "ஏங்க, கிளாஸைக் கீழ வெச்சு கொஞ்ச நேரம் விடுங்க. ரெண்டாவது இப்பதான் வாசனை திறக்குது" என்றாள். அதிலிருந்து ஊற்றிய உடனே ஒரு குறிப்பு, அரை மணி கழித்து ஒரு குறிப்பு என்று நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். இரண்டாவது பத்திதான் அதிகம் பயன்பட்டது. ஊற்றியதும் பழச்சாறு போல மணத்துக் கவர்ந்த சில ஒயின்கள் அரை மணியில் வெறுமையாகிவிட்டன. முதலில் மூடிக்கிடந்தவை மெல்ல விரிந்தன.

எழுதுவது நான்கே விஷயம்: புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது. பழங்களின் பெயரையும் பூக்களின் பெயரையும் அடுக்குவதை விட்டுவிட்டேன். நல்ல மலிவு ஒயினையும் மோசமான மலிவு ஒயினையும் பிரிப்பது புளிப்புதான் என்பதை இந்த நோட்டு எனக்குக் காட்டியது. புளிப்பு உள்ள ஒயின் எச்சில் ஊற வைக்கும், அடுத்த வாய்க்கு அழைக்கும், எண்ணெயும் உப்பும் உள்ள எந்தச் சாப்பாட்டோடும் நிற்கும். புளிப்பு இல்லாதது, எவ்வளவு பழ மணம் இருந்தாலும், தட்டையாகக் கிடக்கும். இந்த நான்கையும் மீறி கடைசி வார்த்தை சாப்பாட்டு மேசைக்குத்தான். பைகளைக் கழற்றாமல் மூன்றையும் சாப்பாட்டோடு வைத்துவிடுவேன். எது முதலில் காலியாகிறதோ அதையே மறுபடி வாங்குகிறோம்.

வீட்டில் செய்யும் சரிப்படுத்தல்

வாங்கிய ஒயின் சுமார் என்றாலும் கைவிட வேண்டாம். வெப்பநிலையை மாற்றினால் பாதி ஒயின்கள் தேறிவிடும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று சொன்ன காலத்தில் அறைகள் குளிராக இருந்தன. சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி, லேசான சிவப்புக்கு 12 முதல் 14. ஃபிரிட்ஜில் இருபது முப்பது நிமிடம் வைத்தால் ஆல்கஹால் எரிச்சல் அடங்கி, பழம் முன்னுக்கு வரும். வெள்ளைக்கு நேர்மாறு. ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் எந்த மணமும் வராது, குடிப்பதற்குக் கால் மணி முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். இனிப்புத் தூக்கலாக உள்ள மலிவு வெள்ளை ஒயினை மட்டும் நன்றாகக் குளிர வைத்தே குடிக்கலாம், குளிர் இனிப்பை அடக்கும்.

திறந்ததும் தீக்குச்சி அல்லது அழுகிய முட்டை வாடை வந்தால் அது கந்தகச் சேர்மம். காற்றே இல்லாமல் அடைத்த திருகு மூடிப் பாட்டில்களில் எப்போதாவது வரும். ஒரு குடுவையில் உயரத்திலிருந்து ஊற்றி, சுழற்றி, கால் மணி நேரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் நன்றாகத் துலக்கிய செம்புத் துண்டை கிளாஸில் போட்டுச் சில நொடி கலக்கி எடுத்துவிடுவேன். செம்பு அந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். வாடை கண்ணெதிரே மறைந்து, கீழே அதுவரை ஒளிந்திருந்த பழ வாசனை மேலே வருவதை முகர்ந்து பார்த்தால்தான் நம்ப முடியும். துண்டை ஒயினிலேயே ஊற விடக் கூடாது.

மீதி ஒயினுக்கு 375 மில்லி திருகு மூடிப் பாட்டில் ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறேன். புதிய பாட்டிலைத் திறந்ததுமே பாதியை அதில் விளிம்பு வரை ஊற்றி மூடி, சிவப்போ வெள்ளையோ, ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். உள்ளே காற்றுக்கு இடம் இல்லாததால் பல நாள் அப்படியே இருக்கிறது. பாதி காலியான பாட்டிலைக் கார்க் போட்டு மேசையில் விட்டால் மறுநாளே சோர்ந்துவிடும். தினம் ஒரு சிறு கிளாஸ் மட்டும் குடிப்பவர்களுக்குப் பெட்டி ஒயின் பொருத்தம். 1965-ல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆங்கோவ் கொண்டுவந்த முறை. ஒயின் குறையக் குறைய உள்ளே இருக்கும் பையும் சுருங்குவதால் காற்று நுழைவதில்லை, திறந்த பிறகும் நான்கு வாரம் தாங்கும். அதிலும் அடைத்த தேதி பார்த்து வாங்க வேண்டும். பை காலப்போக்கில் காற்றைக் கசியவிடும்.

குமிழ் ஒயினில் ஷாம்பெய்ன் பெயரை விட்டுவிட்டு ஸ்பெயினின் காவா அல்லது பிரான்ஸின் க்ரெமான் எடுக்கலாம். ஷாம்பெய்ன் போலவே பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை புளிக்க வைத்து, குறைந்தது 9 மாதம் வண்டலோடு வைத்தவை இவை. 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று இருப்பது 'ப்ரூட்' என்பதைவிட இனிப்பு. ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராம் வரை, எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17.

இப்போது அலமாரியின் கடைசி மூலையில் இருக்கிறேன், ஷெர்ரி பக்கம். ஸ்பெயினின் ஹெரேஸில் பலோமினோ திராட்சையில் செய்யும் ஃபினோ, கடலோர சான்லூகரில் செய்யும் மன்சனீயா. பீப்பாயில் ஒயினின் மேல் படியும் ஈஸ்ட் ஆடையின் அடியில் வருடக்கணக்கில் வளர்ந்தவை, சர்க்கரை ஏறக்குறைய இல்லாதவை, சுமார் 15 சதவீதம். இவ்வளவு உழைப்பு இவ்வளவு குறைந்த விலைக்கு அந்தக் கடையில் வேறு எந்தப் பாட்டிலிலும் இல்லை. ஷெர்ரி என்றாலே இனிப்பு என்று எண்ணி பலர் கடந்து போகிறார்கள். வாங்கும்போது அரைப் பாட்டிலாக, பின்பக்கத்தில் அடைத்த தேதி புதிதாக உள்ளதாகப் பார்த்து எடுங்கள். நன்றாகக் குளிர வைத்து, வெள்ளை ஒயின் கிளாஸிலேயே ஊற்றி, உப்பு போட்ட பாதாமோடு குடித்துப் பாருங்கள். திறந்தால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும், அதுவரை ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.